பெட்டியின் இரு பக்கங்கள்

பழையதைப் புதுக்குதல் நம்மவர்க்குப் புதிய தொழிலன்று. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருக்கோயில்களுக்குத் திருப்பணி செய்து குடமுழுக்காட்டும் மரபில் வந்தவர் நாம். திருப்பணி தொடங்குமுன் மூலமூர்த்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வதும், கோபுரத்தின்மேல் முளைத்த ஆலங்கன்றை வேரோடு களைவதும், பாசியைச் சுரண்டிய பின்னரே வண்ணந் தீட்டுவதும் யாவரும் அறிந்தனவே. ஆயின், எதனைக் களைவது, எதனைக் களையாது விடுவது என்னும் வினா எக்காலத்தும் எளிதாயிருந்ததில்லை. அவ்வினா எம்மை எதிர்கொண்டது திருக்கோயிலில் அன்று. ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளமுடைய மாதிரிப் புகைவண்டிப் பெட்டியொன்றில்.

மாதிரிப் புகைவண்டியென்றதும் சிறுபிள்ளை விளையாட்டென்று நகைப்பாரும் உளர். 1901-ஆம் ஆண்டில் மெக்கானோ என்னும் பொறிமுறை விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்ற இலிவர்ப்பூல் நகரத்துப் பிராங்க் ஹோர்ன்பி என்பார், 1920-இல் தகரத்தாலான புகைவண்டிகளையும் விற்பனைக்கு விட்டார். அவர் தொடக்கிய நிறுவனம் 1938-இல் ஹோர்ன்பி டப்ளோ என்னும் பெயரோடு அவற்றிலும் சிறிய வண்டிகளை வெளியிட்டது. மெய்யான வண்டியின் ஓரடி நீளத்தை 4 மில்லிமீற்றராகச் சுருக்கிக் காட்டுவது இச்சிறு வண்டிகளின் அளவுத்திட்டம். ஏறத்தாழ 64 அடி நீளமான பிரித்தானியப் பயணிகள் பெட்டி இவ்வளவில் 26 சென்ரிமீற்றர் வரை நிற்கும். இங்கிலாந்திலே நரைத்த தலையினரும் மாலை வேளைகளில் இச்சிறு வண்டிகளோடு பொழுது போக்குவர். அவற்றைக் கழற்றுவர், துடைப்பர், மீண்டும் வண்ணந் தீட்டுவர். அந்நாட்டில் நெடுங்காலம் வாழ நேர்ந்த எமக்கும் அப்பழக்கம் தொற்றிக்கொண்டது.

எம்மிடம் வந்த பெட்டி எம்முடையதன்று. எம்மோடு ஒரே விடுதிச்சாலையில் உண்டு உறங்கி, ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவருடையது. வவுனியாவிலிருந்து வந்து சேர்ந்தவர் அவர். தவணை முடிந்து ஊருக்குப் போவதும் விடுமுறை கழிந்து மீள்வதும் அவருக்குப் புகைவண்டியிலேதான். 1956-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை எம்மிற் பலர் வேடிக்கை பார்க்கவே நிலையத்துக்குச் சென்றிருப்போம். அவருக்கோ அது வீட்டின் திண்ணை போன்றது. மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்று நிலையங்களை அவர் சொல்லிக்கொண்டு போனால், கண்ணை மூடிக் கேட்பவர்க்கு உப்பளத்துக் காற்று முகத்தில் அடிக்கும்.

அவர் பின்னர் இங்கிலாந்து சென்று அங்கேயே தங்கிவிட்டார். 1990-ஆம் ஆண்டில் வடபகுதிப் பாதையில் வண்டிகள் நின்றன. அவ்வாண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், பழம்பொருட் சந்தையொன்றில் மாதிரிப் பெட்டியொன்றை அவர் வாங்கினார் என்றும், சமையலறை மேசையிலே செய்தித்தாளை விரித்து ஓரிரவிலேயே அதற்குச் செங்கபில வண்ணம் பூசி, இருபக்கத்திலும் தம் கையாலே தமிழில் ‘யாழ்தேவி’ என்று எழுதினார் என்றும் அவர்தம் மனைவியார் எமக்குக் கூறினார். பாதை மீண்டும் திறக்கும் நாளைக் காணாமலே 2011-இல் நண்பர் காலமானார். மூன்றாண்டுகள் கழித்து, 2014 ஒக்டோபரில், யாழ்ப்பாணத்துக்கு வண்டி மீண்டும் வந்தது. 2015 சனவரியில் காங்கேசன்துறை வரை சென்றது.

நண்பருக்கு ஒரு பேரன் உண்டு. அம்மப்பாவைக் கண்டறியாதவன், அவர் மறைந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே பிறந்தவன். அவனுக்குப் பத்து வயது நிரம்பவிருந்த காலத்தில், அவ்வம்மையார் பெட்டியை எம்மிடம் தந்து, “பெடியன்ரை பிறந்தநாளுக்கு இதை ஓடக்கூடியதாச் செய்து தாங்கோ அண்ணை” என்றார். உடனிருந்த சிறுவன் எம்மை ஏற இறங்கப் பார்த்து, “அம்மப்பா எழுதினதை அழிக்கப் போறீங்களோ?” என்று கேட்டான். அவனுடைய அந்தக் கேள்வியே இவ்வேலை முழுவதிலும் எம் கூடவே இருந்தது.

பெட்டியின் நிலை இதுவாகும். ஒரு பக்கத்தில் எழுத்து நான்கும் குறையின்றி இருந்தன. வண்ணம் ஓரங்களிலே மாத்திரம் வெடித்திருந்தது. மறுபக்கத்தில் தீந்தை செதில் செதிலாய்க் கழன்று, ‘யாழ்’ என்பது மட்டும் எஞ்சி, ‘தேவி’ மறைந்துபோயிருந்தது. சில்லுகளில் அழுக்கும் நூலும் சுற்றிக் கிடந்தன. கூரை ஒரு முனையிற் பொருந்தாமல் எழும்பி நின்றது.

முதலிற் பெட்டியைக் கழற்றினோம். இவ்வேலைக்கு வேண்டுவன சிறிய திருப்புளி ஒன்று, நகம், பொறுமை ஆகிய மூன்றே. கழற்றிய உறுப்புக்களை எந்த ஒழுங்கிற் கழற்றினோமோ அந்த ஒழுங்கிலேயே தட்டில் நிரையாக வைத்தல் வேண்டும். பூட்டும்போது அந்நிரையைக் கடைசியிலிருந்து திரும்ப வாசித்தாற் போதும். போகி எனப்படும் நாற்சில்லுத் தாங்கிகள் இரண்டையும் முதலில் நீக்கினோம். கூரை, சுவர்களின் உட்புறத்துள்ள கவ்விகளால் நிற்பது. அதனை மெல்ல மெல்ல நெகிழ்த்தினோம். பழைய பிளாத்திக்கு முறுகிப்போயிருக்கும். அவசரப்படுவோர் கையில் அது சுள்ளியாய் முறியும். குளிர் நாளாகையால் உறுப்புக்களைச் சற்று நேரம் வெதுவெதுப்பான அறையில் வைத்தபின்பே தொட்டோம். இறுதியாகச் சாளரங்களின் கண்ணாடிபோன்ற தகடுகளைப் பத்திரமாக எடுத்து வேறாக வைத்தோம். தீந்தை கரைக்கும் திரவம் பட்டால் இத்தகடுகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றிவிடும். மூலமூர்த்தியைப் பாலாலயத்துக்குக் கொண்டுபோவது போலவே இதுவும் என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்தது பழைய வண்ணத்தைக் களையும் கட்டம். பொதுவாக இங்ஙனம் செய்வோர் பெட்டியின் உடலை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் முழுதாக ஆழ்த்தி, சில மணி நேரங் கழித்துப் பழைய பற்தூரிகையாலே தேய்ப்பர். அசற்றோன் முதலிய வலிய கரைப்பான்களைப் பிளாத்திக்கின் அருகிலும் கொண்டுவரலாகாது. அவை தீந்தையோடு பெட்டியையும் கரைத்துவிடும். எந்தத் திரவமாயினும் கண்ணுக்குப் புலப்படாத உட்புறத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தபின்பே வெளிப்புறத்திற் பயன்படுத்தல் முறை. இவையெல்லாம் யாம் அறிந்தனவே. எனினும் உடலை ஆழ்த்திவிட்டால் இருபக்க எழுத்தும் ஒருசேரப் போய்விடும். சிறுவனுடைய வினாவுக்கு அது ‘ஆம்’ என்ற விடையாகும்.

இங்கே நண்பர் சிலரோடு ஆலோசித்தோம். ஒருவர் கூறியது கேட்கத்தக்கது. “இப்பெட்டி யாழ்தேவியே அன்று. இது பிரித்தானியப் புகைவண்டிப் பகுதியார் 1951 முதலாக அமைத்த பெட்டியின் மாதிரி. அதற்குரிய அரக்குச் சிவப்பையே மீண்டும் கொடுத்தல் நேர்மை” என்றார் அவர். அவர் கூற்றிற் பிழையில்லை. அளவு நோக்கினும் அதுவே உண்மை. நம் நாட்டுத் தண்டவாளங்களின் இடையகலம் 5 அடி 6 அங்குலம். ஓரடிக்கு 4 மில்லிமீற்றர் என்ற கணக்கில் யாழ்தேவி ஓடவேண்டிய மாதிரிப் பாதையின் அகலம் 22 மில்லிமீற்றராதல் வேண்டும். இப்பெட்டியின் சில்லுகளோ 16.5 மில்லிமீற்றர்ப் பாதைக்கு உரியவை. இப்பாதை பிரித்தானியாவின் 4 அடி 8½ அங்குலத்துக்கும் குறைவானதே. கணக்கின்படி அதற்கு 18.8 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டும். ஓரடிக்கு 3½ மில்லிமீற்றர் என்ற வேறோர் அளவுத்திட்டத்துக்கு உரிய பாதையை அப்படியே வைத்துக்கொண்டு, சிறிய பிரித்தானிய இயந்திரங்களுக்குள் மோட்டாரை அடக்குவதற்காக வண்டியின் உடலை மட்டும் பெருப்பித்தமையால் நேர்ந்த முரண்பாடு இது. ஆகவே, மெய்யளவு என்று தொடங்கினால் இம்மாதிரி வண்டிகளில் இங்கிலாந்து வண்டியும் முற்றிலும் மெய்யன்று. யாழ்தேவி அதனினும் மெய்யன்று.

ஆயினும், நண்பர் இதனை அறியாதவரல்லர். எந்திரவியல் கற்றவர். 22-க்கும் 16.5-க்கும் உள்ள வேற்றுமை அவருக்கு நொடியிற் புலப்பட்டிருக்கும். அறிந்தே பூசினார். பாதை அடைபட்டுவிட்டது என்ற செய்தியைக் கேட்ட ஒருவர், கைக்கெட்டிய பெட்டியிலே தம் வண்டியின் பெயரை எழுதி வைத்தார். பெட்டியின் மரபைக் காத்தல் ஒரு நேர்மையென்றால், அதனை எழுதிய மனிதரின் கருத்தைக் காத்தல் மற்றொரு நேர்மை. இரண்டுக்குமிடையே எதனைக் கொள்வது என்று இருநாள் எண்ணினோம்.

மூன்றாம் நாள் ஒரு சிறு உண்மை வழிகாட்டிற்று. வட்டப் பாதையில் ஓடும் பெட்டி, வட்டத்தின் நடுவே நின்று பார்ப்பவனுக்கு எப்போதும் ஒரு பக்கத்தையே காட்டும். மறுபக்கத்தைக் காண வேண்டுமாயின் பெட்டியைத் தூக்கித் திருப்பிவைத்தல் வேண்டும். எனவே இருபக்கமும் ஒன்றாயிருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. எழுத்துக் குறையாத பக்கத்தை நண்பர் விட்டபடியே நிலைப்படுத்துவது. சிதைந்த பக்கத்தை அடிவரை களைந்து, அவர் நிறத்தையும் அவர் எழுத்தையும் பார்த்துப் புதிதாய்த் தீட்டுவது. இம்முடிவைச் சிறுவனிடம் கூறினோம். அவன் சற்று யோசித்து, “அப்ப அம்மப்பான்ரை பக்கம் ஒண்டு, உங்கடை பக்கம் ஒண்டு” என்றான். அத்துடன் வழக்குத் தீர்ந்தது.

காக்க வேண்டிய பக்கத்தை முதலிற் கவனித்தோம். எழுந்து நின்ற செதில்களின் கீழே, மெல்லிய தூரிகையின் நுனியாலே நீர்த்த வாணிசை ஒரு துளி தொட்டுவிட்டால், அது தானாகவே உள்ளே ஊர்ந்து சென்று செதிலைப் பிடித்துக்கொள்ளும். அங்ஙனமே ஓரம் முழுவதையும் ஒட்டினோம். எழுத்துக்களின்மேல் மெல்லிய தாளை வைத்து அவற்றின் உருவையும் பென்சிலாற் பிரதி செய்துகொண்டோம். 4 மில்லிமீற்றர் உயரமேயுள்ள எழுத்துக்கள் அவை. ‘ழ்’ மாத்திரம் சற்றுப் பெரிதாய், புள்ளி மேலேறி நின்றது.

மறுபக்கத்துக்குத் திரவத்தைப் பஞ்சிலே தோய்த்துச் சிறிது சிறிதாக ஒற்றி, ஆவியாகாதபடி மேலே மெல்லிய தாளினால் மூடிவைத்துக் காத்திருந்தோம். பழைய எனாமல் தீந்தை எளிதில் இளகுவதன்று. ஐந்து மாலைகள் சென்றன. செங்கபிலம் நீங்கியபோது அடியிலே அரக்குச் சிவப்புத் தோன்றியது. எத்துணைத் துடைத்தும் அது குறையவில்லை. 1960-களில் வார்க்கப்பட்ட இத்தகைய பெட்டிகள் பலவற்றில் அச்சிவப்பு மேற்பூச்சன்று. பிளாத்திக்கின் உடலிலேயே கலந்த நிறம். பிரித்தானியப் புகைவண்டிப் பகுதியார் 1949 முதல் வழங்கிய செம்மையும் பாலேட்டு வெண்மையும் கலந்த இருநிறக் கோலத்தைக் கைவிட்டு இவ்வரக்குச் சிவப்பை மேற்கொண்டதும் 1956-ஆம் ஆண்டிலேயே என்பது நினைவுக்கு வந்தது. யாழ்தேவி பிறந்த ஆண்டும் அதுவே. பெட்டிக்கு அவ்வுறவாவது இருந்ததே என்று மகிழ்ந்தோம்.

தீந்தை கழன்றதன் காரணமும் அப்போது விளங்கிற்று. பளபளப்பான வழுவழுத்த பிளாத்திக்கின்மேல் நண்பர் நேரே பூசியிருந்தார். சவர்க்காரம் இட்டுக் கழுவிய குறியில்லை, மென்றாளாலே தேய்த்த கீறலில்லை, அடிப்பூச்சும் இல்லை. எல்லாவற்றையும் நிதானமாகச் செய்யும் இயல்பினர் அவர். விடுதிச்சாலையிலே மேற்சட்டையை மடிப்பதற்கு அவர் எடுத்த நேரத்தில் யாம் குளித்துவிட்டு வருவோம். அப்படிப்பட்டவர் அன்றிரவு கழுவவுமில்லை, காயவிடவுமில்லை. அடுத்த நாளுக்குப் பொறுக்க அவரால் இயலவில்லை என்பதை அந்தத் தீந்தையே எமக்குக் கூறிற்று. கடிதத்திலும் உரையாடலிலும் பாதை அடைபட்டதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எம்மிடம் பேசியதில்லை.

நிறத்தில் மாத்திரம் அவர் அவசரப்படவில்லை. நம் நாட்டுப் பெட்டிகளிற் பல அணிந்திருந்த செங்கபிலத்தை அப்படியே ஒரு சாண் பெட்டியிற் பூசினால் கண்ணுக்குக் கருமையாகத் தோன்றும். உருவம் சிறுக்கச் சிறுக்க நிறம் அடர்ந்து காணப்படுவதால், வெள்ளையைச் சிறிது கலந்து இளக்குவது கைதேர்ந்தோர் வழக்கம். நண்பர் அவ்வாறே இளக்கியிருந்தார். அக்கலவையைப் பிடிக்க எமக்கு ஒன்பது மாதிரிகள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றையும் வெள்ளட்டையிற் பூசி, உலர்ந்த பின் பகல் வெளிச்சத்தில் அவர் பக்கத்தோடு சேர்த்துப் பார்த்தோம். ஈரத் தீந்தையின் நிறத்தை நம்பலாகாது, விளக்கொளியையும் நம்பலாகாது.

அதன்பின் வேலை ஒழுங்காய் நடந்தது. களைந்த பக்கத்தை இளஞ்சூட்டு நீரிலே சவர்க்காரத்துணியால் துடைத்து, மென்றாளாலே பளபளப்பைச் சற்றுக் குறைத்து, விரலின் எண்ணெய் படாதபடி கையுறை அணிந்துகொண்டோம். மறுபக்கத்தைத் தாளாலே மூடினோம். ஒட்டுநாடாவை அதன் தீந்தையின்மேல் இடாமல் தலைப்பக்கங்களிலும் கீழ்விளிம்பின் உட்புறத்திலும் மாத்திரம் இட்டோம். நாடாவை உரிக்கும்போது நண்பரின் பூச்சும் உடன்வந்துவிடக் கூடாதன்றோ? பின்பு காற்றுத் தூரிகையாலே சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்றும், அது நன்றாய் உலர்ந்தபின் செங்கபிலம் மூன்று முறையும் தெளித்தோம். தடித்த பூச்சு ஒன்றினும் மெல்லிய பூச்சு மூன்று மேலானது. தடித்த பூச்சுச் சாளர விளிம்பையும் கதவின் கீற்றையும் நிரப்பிவிடும். மழை நாளில் தெளிப்பதைத் தவிர்த்தோம். காற்றில் ஈரம் மிகுந்தால் வாணிசு பால்போலப் படியும்.

எழுத்தைப் பிரதித் தாளிலிருந்து மாற்றி, மூன்று மயிர்கொண்ட தூரிகையாலே தீட்டினோம். எமது ‘ழ்’ அவருடையதைப் போல வரவில்லை, சற்று ஒழுங்காயிற்று. இறுதியிற் கூரைக்குச் சாம்பலும், தலைப்பக்கங்களுக்குக் கறுப்பும் ஈந்து, பிளாத்திக்குச் சில்லுகளுக்குப் பதிலாக உலோகச் சில்லுகளைப் பூட்டினோம். பிளாத்திக்குச் சில்லு தண்டவாளத்தின் அழுக்கைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் இயல்பினது. உலோகச் சில்லில் அத்தொல்லை குறைவு.

மாணவத் தம்பியர்க்கு இதனாற் கூறத்தக்கது ஒன்று உண்டாயின், அது இதுவே. புதுக்குதல் என்பது மேலே பூசுதல் அன்று. வடபகுதிப் பாதையையே நோக்குக. 1905-இல் முழுமை பெற்று, 1990-இல் நின்று, தண்டவாளங்களும் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காடேறிக் கிடந்த அப்பாதையில், பழைய மேட்டின்மேல் இரும்பை மட்டும் பரப்பி எவரும் வண்டி விடவில்லை. கண்ணிவெடி அகற்றி, மண்ணைக் கெட்டித்து, கல் பரப்பி, அடியிலிருந்தே அமைத்தனர். அடியிலிருந்து செய்வதே நிலைக்கும். ஆயின், அடிவரை களையுமுன் அங்கே எவர் கைபட்டது என்று பார்த்துக் குறித்துக்கொள்வதும் அவ்வேலையின் பகுதியே. குறிக்காமற் களைந்தவன், முன்னவன் செய்த வேலையை மட்டுமன்றி, அவன் ஏன் செய்தான் என்பதையும் கழுவி ஊற்றிவிடுகிறான். நமது கல்லூரியின் பழைய மண்டபங்களைப் புதுக்க முற்படுவோரும் இதனை மனங்கொள்வாராக.

பிறந்தநாளன்று பெட்டியைச் சிறுவனிடம் கொடுத்தோம். அவன் இருபக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தான். எமது பக்கம் மழமழவென்று, எழுத்து நேராய், விளிம்பு கூராய் இருந்தது. நண்பருடைய பக்கத்தில் தூரிகையின் வரிகள் தெரிந்தன. ஓரிடத்தில் தீந்தை வழிந்து உறைந்திருந்தது. அவன் விரலால் அவ்வழிவைத் தடவிப் பார்த்து, அப்பக்கம் தன்னை நோக்கும்படி பெட்டியைத் தண்டவாளத்தில் வைத்தான். எமக்கு அதில் வருத்தமில்லை. அவ்வாறு வைப்பான் என்றே எதிர்பார்த்தோம்.

பெட்டியைப் பூட்டுமுன் கூரையின் உட்புறத்தில் பென்சிலாற் சில வரிகள் எழுதி வைத்தோம்: எந்தப் பக்கம் எவர் தீட்டியது, எந்த ஆண்டில், எந்நிறத்தில் வெள்ளை எவ்வளவு கலந்தது, எத்திரவத்தால் எமது பூச்சை நீக்கலாம் என்பன. தீந்தைக்கு ஆயுள் உண்டு. இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகளில் எமது பக்கமும் வெடிக்கும். அப்போது இக்கூரையைக் கழற்றுபவர் எவராயினும், எமது பக்கத்தைத் தயங்காமற் களையலாம் என்பதையும், மற்றப் பக்கத்தைக் களையுமுன் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அதில் எழுதியிருக்கின்றோம்.